தாவத் தெரியாத அனுமன்

அனுமனுக்குத் தாவத் தெரியவில்லை. 2009இல் பிளேஸ்டேஷன் 2 மெஷினுக்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற வீடியோ கேமைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். செய்தது ஹைதராபாதின் அரோனா டெக்னாலஜீஸ். வெளியிட்டது சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட்டின் ஐரோப்பியப் பிரிவு. வீட்டு டி.வி.யில் மாட்டி ஆடும் கன்சோல் ஒன்றுக்காக முழுக்க இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கேம் என்ற பெருமை அதற்கு உண்டு. மோசமான கேம் என்ற பெயரும் அதே அளவுக்கு உண்டு. வந்த மதிப்புரைகள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டன.

பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன ஒரு மொக்கை கேமை இப்போது எதற்குத் தோண்டி எடுக்க வேண்டும், அதுவும் கவிதையும் கதையும் பேசுகிற பத்திரிகையில் என்று கேட்கலாம். கேம் செத்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லப்பட்ட சமாதானங்கள் சாகவில்லை. இன்றைக்கும் ‘நம்மாளு’ செய்த எது சொதப்பினாலும் அதே மூன்று சமாதானங்கள் வரிசை கட்டி வருகின்றன. ஒன்று, முதல் முயற்சி, தட்டிக்கொடுக்கணும். இரண்டு, இருக்கிற வசதிக்கு இவ்வளவுதான் வரும். மூன்று, சாமி சமாச்சாரம், அதுவும் சின்னப் பசங்களுக்கு, இதுல போய் என்னத்த நோண்டுற? இந்த மூன்றோடும் எனக்கு வெகுநாள் கணக்கு பாக்கி இருக்கிறது.

*

முதலில் ‘முதல் முயற்சி’.

யாருக்கு முதல்? செய்தவனுக்கு முதல். ஆடுகிறவனுக்கு இல்லையே. 2009இல் அந்த சிடியைக் கையில் எடுத்த பையன் அதற்கு முன்னால் ஐந்தாறு வருஷமாக உலகத்தின் தலைசிறந்த கேம்களை ஆடித் தேய்த்தவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் முகத்துவாரக்குப்பத்துக்காரன். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற மீனவக் குப்பம். எங்கள் பக்கத்தில் சொந்த மெஷின் வைத்திருந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் கடைதான். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் என்று நெடுக, மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிடுகிற கடைகள். ‘பிளேஸ்டேஷன் கடை’ என்றே பேர். சின்ன ரூம், மூணு நாலு டி.வி., ஒயர் பிய்ந்த ஜாய்ஸ்டிக், புழுக்கம். மெஷின் எல்லாம் சிப் போட்டது. சிடி எல்லாம் பர்மா பஜார் சரக்கு. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கம் உண்டான அந்தக் கடைவரிசை வழியாகத்தான் ‘காட் ஆஃப் வார்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’, ‘ஸ்பைடர்மேன் 2’, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ எல்லாம் வடசென்னைக்கு வந்து இறங்கின. சட்டப்படி அது தப்பு. ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று எங்களுக்குத் தரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்தத் தப்புதான்.

மணிக்குக் காசு கொடுத்து ஆடுகிறவனைவிடக் கறாரான விமர்சகன் கிடையாது. பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுகிறவருக்கு கேம் சும்மா வரும். அவர் பொறுமையாக ஆடுவார். எங்களுக்கு முதல் பத்து நிமிஷத்தில் கை ஒட்டவில்லையென்றால் சிடியை மாற்றியாக வேண்டும், கடிகாரம் ஓடுகிறது. ஒரு கேம் தேறுமா தேறாதா என்று கடைக்காரருக்கே தெரியும். “அத்த போடாத தம்பி, காசு வேஸ்ட்டு” என்று அவரே சொல்லிவிடுவார். அந்த ஒரு வரி மதிப்புரைக்கு மேல்முறையீடு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடசென்னை ஆட்டம் தெரிந்த பூமி. இங்கே கேரம் போர்டைச் சும்மா தட்டிப் பார்த்தே நல்ல பலகையா இல்லையா என்று சொல்கிற ஆட்கள் தெருவுக்குத் தெரு உண்டு. காய் ஒரு பக்கமாக இழுத்தால், ரீபவுண்ட் செத்துப்போயிருந்தால், “இது ஆவாது, எடுத்துட்டுப் போ” என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். போர்டைச் செய்தவர் உள்ளூர்க்காரர், பாவம், முதல் போர்டு என்றெல்லாம் சலுகை கிடையாது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். தட்டிக்கொடுத்தே வளர்த்திருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்காது. தோற்ற ஆட்டத்தைத் தோற்ற ஆட்டம் என்று சொல்கிற இடத்திலிருந்துதான் அது வந்தது.

செய்தவர்களின் உழைப்பை நான் கேலி செய்யவில்லை. அன்றைக்கு நம் நாட்டில் கன்சோல் கேம் செய்யச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, முன்னால் போனவர் யாருமில்லை. அந்தக் கஷ்டம் வரலாற்றில் எழுதப்பட வேண்டியதுதான். வரலாறு வேறு, மதிப்பீடு வேறு. ‘முதல்’ என்பது ஒரு தேதி. அது தரம் ஆகாது.

*

அடுத்தது, பழைய மெஷின்.

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் வந்தது 2000 மார்ச்சில். பிளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு 2007இல் வந்தபோது விலை கிட்டத்தட்ட 40,000 ரூபாய். எங்கள் பக்கத்தில் அது ஒரு ஃபைபர் போட்டுக்கு இன்ஜின் பார்க்கப் போகிறவன் யோசிக்கிற தொகை. அதனால் உலகம் அடுத்த மெஷினுக்குப் போன பிறகும் இந்தியாவில் பழைய மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கென்றே கேம்களும் வந்தன. 2009இல் அனுமன். 2011இல் ஷாருக் கான் படத்தை ஒட்டி ‘ரா.ஒன்’. 2013இல், அதாவது சோனி அந்த மெஷின் உற்பத்தியையே நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்த வருஷத்தில், ‘டான் 2’. கட்டிக்கொடுத்த பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் பந்தி போட்ட கதை.

“பழைய மெஷின்ல வேற என்னத்த எதிர்பார்க்கிற?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். 2003இல் வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஓடியதும் அதே மெஷினில். 2005இன் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ அதே மெஷினில். ‘காட் ஆஃப் வார்’ முதல் பாகம் 2005, இரண்டாம் பாகம் 2007, இரண்டும் அதே மெஷினில். அதே 32 எம்.பி. நினைவகம். அதில் மலை அளவு அரக்கனின் முடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேலே ஏற முடிந்தது. அதில் சுவரில் ஓடி, தூணில் சுற்றி, தவறி விழுந்தால் காலத்தையே பின்னால் சுழற்றி மறுபடி தாவ முடிந்தது. உலகமெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்ற மெஷின் அது. ஒன்பது வருஷம் கழித்து அந்த மெஷினின் மூலை முடுக்கெல்லாம் ஊருக்கே தெரிந்த பிறகு வந்த கேம், வந்த முதல் வருஷத்து கேமைவிடப் பின்தங்கி இருந்தால் குற்றம் மெஷின் மேல் இல்லை.

சொல்லப்போனால் பழைய மெஷின் ஒரு வரம். பழைய வீணையில் கை பழகியிருக்கும். எது முடியும், எது முடியாது என்று தெரியும். முடியாததில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் முடிவதைத் தீர்க்கமாகச் செய்யலாம். முடிவதில் தலையானது, ஒரு தாவல்.

*

இந்த வகை ஆட்டத்துக்கு ‘பிளாட்ஃபார்ம் கேம்’ என்று பேர். நமக்கு பிளாட்ஃபார்ம் என்றால் ரயில் ஏறுகிற இடம், இல்லையென்றால் தூங்குகிற நடைபாதை. இங்கே அது திட்டு. ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தாவ வேண்டும், நடுவில் பள்ளம். ஆட்டத்தின் உயிர் முழுக்க அந்தத் தாவலில்தான் இருக்கிறது. ‘பாய் வாரிய’ரில் கதாயுதத்தைச் சுழற்றுகிற சண்டைதான் கூடுதல் என்று சொல்லலாம். ஆனால் அனுமன் என்று பெயர் வைத்துவிட்டுத் தாவலைத் துணைக்கறி ஆக்க முடியாது.

தாவல் என்றால் என்ன என்று கேம் செய்தவர்கள் நாற்பது வருஷமாக யோசித்திருக்கிறார்கள். 1985இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸி’ல் பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடிவந்து தாவினால் இன்னும் தூரம். ஒரே ஒரு பட்டனுக்குள் இத்தனை சொல்வளம். 1996இல் மாரியோவை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவந்தபோது, மேடு பள்ளங்களைக் கட்டுவதற்கு முன்னால், மாரியோவை ஒரு வெற்று இடத்தில் விட்டு ஒரு முயலைத் துரத்தவிட்டு, ஓடுவதும் தாவுவதும் கைக்கு இனிக்கும்வரை அதையே சீர்செய்துகொண்டிருந்தார்கள். பல கேம்களில், திட்டின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தாவ அனுமதி உண்டு. ஆடுகிறவனுக்கு அது தெரியாது. “நான் கரெக்டா அமுக்குனேன்” என்று நம்புவான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் அந்தச் சலுகை. ஆடுகிறவன் மேல் இருக்கிற மரியாதை அது.

2002இன் ‘ஸ்பைடர்மேன்’ கேமில் அவன் விடுகிற நூல் ஆகாயத்தில் போய் ஒட்டும். என்ன ஒட்டியது, எதில் ஒட்டியது என்று கிடையாது. 2004இன் இரண்டாம் கேமில் அது கட்டடத்தில்தான் ஒட்டும். கட்டடம் இல்லாத இடத்தில் விழுவாய். ஒரே ஒரு விதி மாற்றம். அதற்கப்புறம் அந்த கேமில் பையன்கள் சண்டையே போடாமல் சும்மா ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து ஒரு மணி நேரம் வெறுமனே ஊசலாடினார்கள். சூப்பர் ஹீரோ ஆவது என்றால் அதுதான்.

அனுமன் கேமின் தாவலில் கனம் இல்லை. கால் ஊன்றுவது தெரியவில்லை, உந்துவது தெரியவில்லை, இறங்குகிற அதிர்வு இல்லை. கேமரா எதைப் பார்க்கிறது என்று புரியாது. எதிரே வருகிறவனைத் தட்டு, மறுபடி தட்டு, அடுத்தவனைத் தட்டு. படகிலிருந்து படகுக்குத் தாவி வளர்ந்த குப்பத்துப் பையனிடம் இதைக் கொடுத்தால் அவனுக்குக் கோபம்தான் வரும். அலை படகைத் தூக்குகிற கணத்தில் உந்தணும், இறங்குகிறபோது உந்தினால் நடுவில் விழுவாய் என்று அவன் உடம்புக்குத் தெரியும். தாவலில் ‘நேரம்’ என்று ஒன்று இருக்கிறது என்பதை அவனுக்கு யாரும் பாடமாக எடுக்க வேண்டியதில்லை.

*

சூப்பர் ஹீரோ கேம் செய்வது கஷ்டம் என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எல்லாம் முடிந்தவனுக்கு ஆட்டம் எது? தோற்க முடியாதவனை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது? 1999இல் நிண்டெண்டோ 64இல் வந்த சூப்பர்மேன் கேம் இந்தக் குழியில் விழுந்துதான் உலகப் புகழ் பெற்ற மொக்கை ஆனது. பறக்கத் தெரிந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஆகாயத்தில் வளையம் வளையமாகத் தொங்கவிட்டு அதற்குள் நுழைந்து நுழைந்து போகச் சொன்னார்கள்.

ஆனால் அனுமன் கதை இந்தச் சிக்கலை ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாலேயே தீர்த்துவைத்திருக்கிறது. அனுமனுக்குத் தன் பலம் தெரியாது. சின்ன வயதில் சூரியனைப் பழமென்று தாவியவன், முனிவர்களின் சாபத்தால் தன் வலிமையை மறந்தவன். வேறொருவர் நினைவூட்டினால்தான் அது திரும்பி வரும். கடற்கரையில் வானரங்கள் எல்லோரும் கைவிரித்த பிறகு சாம்பவான் வந்து எடுத்துச் சொல்கிறான், அப்புறம்தான் அவன் ஓங்கி வளர்கிறான். எல்லாம் வல்லவனை எப்படிப் படிப்படியாக ஆடவிடுவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எந்த அமெரிக்கக் காமிக்ஸிலும் இல்லை.

கம்பனின் சுந்தர காண்டத்தைத் திறந்தால் முதல் படலத்தின் பெயரே ‘கடல் தாவு படலம்’. ஒரு தாவலுக்கு ஒரு முழுப் படலம். அவன் தாவுவதற்கு முன் மயேந்திர மலையை மிதிக்கிறான். மலை நசுங்குகிறது, அதில் வாழும் உயிர்களெல்லாம் கலங்குகின்றன. உந்துகிற காலின் கனத்தைத் தாங்குகிற மலை வழியாகக் காட்டிவிட்டுத்தான் கம்பன் ஆளை வானத்துக்கே விடுகிறான். போகிற வழியில் மூன்று தடை. மைந்நாகம் என்ற மலை கடலிலிருந்து எழுந்து, வா, இளைப்பாறிவிட்டுப் போ என்கிறது. அது எதிரி இல்லை, உபசாரம். நின்றால் நேரம் போகும். அடுத்து சுரசை. என் வாய்க்குள் போய்த்தான் ஆகணும் என்று வாயைப் பிளக்கிறாள். சண்டை போட்டுத் தீராது, உடலைப் பெருக்கிச் சட்டென்று சிறுத்து உள்ளே போய் வெளியே வர வேண்டும். அது புதிர். மூன்றாவது அங்காரதாரை. வால்மீகியில் இவள் பெயர் சிம்ஹிகை, பறக்கிறவனின் நிழலைப் பிடித்து இழுப்பவள். அதுதான் கொன்று தாண்ட வேண்டிய தடை. ஒன்றை மறுக்கணும், ஒன்றை ஏய்க்கணும், ஒன்றை அடிக்கணும். மூன்றுக்கும் மூன்று விதமான புத்தி.

அப்புறம் என்ன? ‘ஊர் தேடு படலம்’: ராத்திரி, யார் கண்ணிலும் படாமல் இலங்கை முழுக்கத் தேட வேண்டும். ‘பொழில் இறுத்த படலம்’: சோலையை உடைத்து நொறுக்க வேண்டும். அதற்கப்புறம் கிங்கரர், சம்புமாலி, ஐந்து சேனாபதிகள், அக்ககுமாரன் என்று வதைப் படலங்கள், ஒவ்வொரு எதிரியும் முந்தையவனைவிடப் பலசாலி. பிறகு ‘பாசப் படலம்’: இந்திரசித்தின் அத்திரத்தில் நீயே கட்டுப்பட்டுப் போக வேண்டும், பலம் இருந்தும் அடங்கி நிற்க வேண்டும். முடிவில் ‘இலங்கை எரியூட்டு படலம்’. இதை அப்படியே வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒரு கேமின் திட்டவரைவு. யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, படித்தால் போதும்.

படித்துத் தாவலை யோசித்திருந்தால் தாவல் இப்படிச் செத்திருக்காது. அதுதான் என் முதல் குற்றச்சாட்டு. அனுமன் என்ற முகம் வந்திருக்கிறது, அனுமன் என்ற கதை வரவில்லை. 2005இல் ‘ஹனுமான்’ கார்ட்டூன் படம் ஓடிய பிறகு சிறுவன் அனுமன் டி.வி.யிலும் தண்ணி பாட்டிலிலும் ஸ்கூல் பையிலும் ஏறினான். பையில் ஒட்டின முகத்துக்குத் தாவத் தேவையில்லை. கேமுக்குத் தேவை.

*

மூன்றாவது சமாதானம், சாமி. இது இரண்டு திசையிலிருந்து வந்தது.

ஒரு பக்கம், சாமியைப் பற்றிய கேம், குறை சொல்லாதே என்றார்கள். இன்னொரு பக்கம், சாமியைப் பற்றி கேமே செய்யாதே என்றார்கள். 2009இல் அமெரிக்காவில் இருக்கும் இந்து அமைப்புத் தலைவர் ராஜன் ஜெட், இந்த கேமைத் திரும்பப் பெற வேண்டும் என்று அறிக்கை விட்டார். ஆடுகிறவன் கையிலிருக்கும் கருவிக்கு அனுமன் ஆட்டுவித்தபடி ஆடுவது தெய்வத்தை இழிவுபடுத்துவது என்பது அவர் வாதம்.

அவருக்கு நான் தோல்பாவைக்கூத்தைக் காட்டுவேன். பதப்படுத்திய தோலில் அனுமனை வெட்டி, சாயம் தீட்டி, குச்சி கட்டி, திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து, ராத்திரி ராத்திரியாக ராமாயணத்தை ஆட்டிக் காட்டியவர்கள் நம்முடைய ஆட்கள். கன்னியாகுமரிப் பக்கம் அந்தக் கலையைக் கைவிடாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே அனுமன் குச்சியால்தான் தாவுகிறான். குச்சி பிடித்தவன் கை சொல்கிறபடிதான் இலங்கையை எரிக்கிறான். யாரும் இழிவு என்று சொன்னதில்லை. தெருக்கூத்தில் ஒரு மனுஷன் வாலைக் கட்டிக்கொண்டு, முகத்தில் அரிதாரம் பூசி, குழந்தைகளை மிரட்டிச் சிரிக்கவைத்து அனுமனாகிறான். அவனும் சாமியைக் குறைத்தான் என்று யாரும் வழக்குப் போட்டதில்லை.

ஆனால் பாவை சரியாகத் தாவவில்லையென்றால்? திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவி எழுந்து போய்விடுவாள். அங்கே பக்தியின் அளவுகோல் அதுதான், வேலைச் சுத்தம். சாமியை ஆட்டுவிப்பதில் குற்றமில்லை, ஒழுங்காக ஆட்டுவிக்க வேண்டும். குச்சிக்கு இருக்கிற அதே விதிதான் ஜாய்ஸ்டிக்குக்கும். இந்த கேமைத் தடை செய்யச் சொன்னவரும் சாமிக்காக மன்னிக்கச் சொன்னவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ரெண்டு பேரும் கேமை ஆடிப் பார்க்கவில்லை.

*

அனுமனுக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த ‘ரா.ஒன்’னையும் இதே கண்ணால்தான் பார்க்கிறேன். படத்தில் ஷாருக் கான் ஒரு தமிழன், சேகர் சுப்பிரமணியம், லண்டனில் கேம் வடிவமைப்பவன். இந்திப் படத்தில் ஒரு தமிழன் கேம் செய்கிறவனாக வருகிறான் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவன் நூடுல்ஸில் தயிரை ஊற்றிப் பிசைந்து கையால் சாப்பிடுகிறான். தமிழன் என்றால் தயிர், கூட்டத்தைக் கூட்ட ரஜினியின் சிட்டி ரோபோ ஒரு காட்சி, முடிந்தது. ஆள் எப்படி இருப்பான், என்ன சாப்பிடுவான் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எதற்குக் கேட்கணும், இவங்களுக்கு இது போதும்.

இதற்கு நேர் எதிராக ஒரு உதாரணம் உண்டு. கனடாவில் டொரொண்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் 2023இல் ‘வெண்பா’ என்ற கேமைக் கொண்டுவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு அம்மா, அவள் சமையல். அதில் இட்லித் தட்டை எப்படி அடுக்க வேண்டும் என்பதே ஒரு புதிர். ஆவி போக வேண்டிய துளை எங்கே வர வேண்டும் என்று யோசித்தால்தான் இட்லி வேகும். நம் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைக்குள் இத்தனை யோசனை இருக்கிறதா என்று ஆடும்போது தோன்றும். பிரமாண்டம் இல்லை, சண்டை இல்லை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்று பரிசு வாங்கியது. அவர்களுக்கும் அது முதல் கேம்தான். யாரும் தட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இட்லியை மதித்தார்கள், கேம் வந்தது.

தயிர் நூடுல்ஸுக்கும் இட்லித் தட்டுக்கும் உள்ள தூரம் காசால் வந்ததில்லை. ஒருவர் கவனித்தார், ஒருவர் கவனிக்கவில்லை.

*

‘இவங்களுக்கு இது போதும்.’ இந்த மூன்று சொல்லை எங்கள் ஊர் நன்றாக அறியும். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது அள்ளுவதற்கு பக்கெட் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியபோதும் மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும்தான் அள்ளினார்கள். ஆறு வருஷத்தில் பக்கெட் மாறவில்லை. ஒரு மொக்கை கேமையும் ஆற்றில் கலந்த எண்ணெயையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன், எனக்கு அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. கேம் யாரையும் கொல்லாது, வலையைக் கறுப்பாக்காது. ஆனால் பழசை, தேறாததை, பாதி செய்ததை ஒரு இடத்துக்கு அனுப்பும்போது அனுப்புகிறவர்கள் மனசில் ஓடுகிற வாக்கியம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வாக்கியத்தை பெரிய விஷயத்தில் எதிர்க்கிறவன் சின்ன விஷயத்தில் பழகிக்கொள்ளக் கூடாது. சின்ன விஷயத்தில்தான் பழக்கமே ஆரம்பிக்கிறது.

அதில் நம் பங்கும் உண்டு. மொக்கையை மொக்கை என்று சொன்னால் துரோகம், நம்மாளைக் கவிழ்க்கிறான் என்று பேசுகிறோமே, அப்போது நாமும் சேர்ந்துதான் ‘இது போதும்’ என்கிறோம். நம் பிள்ளைகளுக்கு இது போதும். வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஒழுங்கான தாவல், நம் பிள்ளைக்கு நம்ம சாமி முகம் போட்ட செத்த தாவல். பெருமையோடு கொடுத்துவிட்டு, நன்றியோடு ஆடணும் என்று வேறு எதிர்பார்க்கிறோம்.

மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ‘ராஜி’யில் ஒரு பெண் அரண்மனைச் சுவரில் ஓடித் தாவுகிறாள், அந்தத் தாவலில் உயிர் இருக்கிறது. அதிலும் குறைகள் உண்டு, அவற்றைச் சொன்னவர்களும் உண்டு. சொல்வதால்தான் அடுத்தது நன்றாக வரும்.

அடுத்த அனுமனை யாராவது எங்கேயாவது செய்துகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்கு என் கோரிக்கை எளியது. படம், பாட்டு, சாமி, விளம்பரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வெற்றுத் தரையில் அவனை நிறுத்துங்கள். ஒரு பள்ளத்தை வெட்டுங்கள். தாண்டவையுங்கள். அது கைக்கு இனிக்கும்வரை வேறு வேலையைத் தொடாதீர்கள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு எண்ணூருக்கோ ராயபுரத்துக்கோ வாருங்கள். பையன்களிடம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுங்கள், இந்தியாவின் பெருமை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பின்னால் நில்லுங்கள். பத்து நிமிஷத்தில் “இன்னாத்துக்கு இது” என்று கீழே வைத்தால் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய் மறுபடி செய்யுங்கள். வைக்காமல் ஆடினால் மட்டும் வெளியிடுங்கள்.